தரவுத்தள நிருவாகியின் பணிகளும் அன்றாடச் சவால்களும்



அட்டவணை, புலம், பதிவு, முதன்மைச் சாவி என்பவற்றை ஏற்கனவே கற்றுள்ளீர்கள். அவற்றின் வரைவிலக்கணங்களை மனனஞ் செய்தால் மட்டும் போதாது. வங்கியிலுள்ள உங்கள் வீட்டாரின் சேமிப்பு, வைத்தியசாலையிலுள்ள நோயாளியின் விபரம், உங்கள் பரீட்சைப் பெறுபேறு என்பன இன்று தரவுத்தளங்களில் தங்கியுள்ளன. இவற்றைப் பொறுப்பேற்றுப் பாதுகாப்பவரே தரவுத்தள நிருவாகி ஆவார். அவரது பிரதான பணிகள் நான்கினை நோக்குவோம்.

1. அனுமதி வழங்கல்

எல்லோருக்கும் எல்லா அனுமதியும் வழங்கலாகாது. பாடசாலைப் புள்ளித் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட ஆசிரியர் தமது பாடப் புள்ளிகளை மட்டும் பதியலாம். மாணவர் தமது புள்ளிகளைப் பார்வையிட மட்டும் முடியும். ஒருவரது வேலைக்குத் தேவையான அளவு அனுமதியை மட்டுமே வழங்குதல் இங்கு அடிப்படை விதியாகும். வேலையை விட்டு விலகியவரின் அனுமதியை உடனே நீக்குவதும் நிருவாகியின் கடமையே.

2. தரவின் செம்மையைப் பேணல்

ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருக்கலாம். பெயரை முதன்மைச் சாவியாகக் கொண்டால் இரண்டாமவரின் பதிவை உட்புகுத்தவே முடியாது. சாவியே இல்லாவிட்டால் ஒருவரின் புள்ளி மற்றவரின் பெயரில் சேர்ந்துவிடலாம். ஆகவேதான் சேர்விலக்கம் போன்ற, மீள வராத ஒரு புலம் முதன்மைச் சாவியாகத் தெரிவு செய்யப்படுகின்றது.

3. வேகத்தைப் பேணல்

ஓர் இலட்சம் பதிவுகளில் ஒன்றை முதலிலிருந்து தேடினால் நேரம் செல்லும். நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு போன்று, தரவுத்தளத்திலும் சுட்டி அமைக்கலாம். அப்போது தேடல் விரைவாகும். எனினும் புதிய பதிவு சேரும்போதெல்லாம் சுட்டியையும் இற்றைப்படுத்த வேண்டும். எனவே எப்புலங்களுக்குச் சுட்டி தேவை எனத் தீர்மானிப்பது நிருவாகியின் திறனைப் பொறுத்தது.

4. காப்புப் பிரதியும் மீட்டலும்

இதுவே மிகப் பெரிய சவால். 2017 ஜனவரி 31 இல் கிட்லாப் என்னும் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர், துணைச் சேவையகம் என எண்ணிப் பிரதான சேவையகத்தின் தரவுக் கோப்புகளை நீக்கிவிட்டார். ஓரிரு செக்கன்களில் கட்டளையை நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைற்றில் 4.5 கிகாபைற்றே எஞ்சியது. நாளாந்தக் காப்புப் பிரதி எடுக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் மென்பொருட் பதிப்புகள் பொருந்தாமையால் அது இயங்கவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. ஏறத்தாழ 6 மணித்தியாலங்களுக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்திருந்த பிரதியே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவுகள் இழக்கப்பட்டன.

நமது நாட்டிலும் 2023 ஓகஸ்ட் மாதம் அரச மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் தீய மென்பொருளால் தாக்கப்பட்டது. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்கு மீட்கத்தக்க காப்புப் பிரதி இல்லாமையால், அக்கால மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன.

இரு சம்பவங்களும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. காப்புப் பிரதியைக் கிரமமாக எடுக்க வேண்டும். அதனை வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். அதிலிருந்து தரவை மீட்க முடிகின்றதா என இடையிடையே சோதிக்க வேண்டும். விடை எழுதும்போது பலர் முதலாவதை மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். நீங்கள் மூன்றையும் எழுதுங்கள்.

நினைவிற் கொள்க: மீட்டுப் பார்க்கப்படாத காப்புப் பிரதியை நம்பியிருக்க முடியாது.

பயிற்சி

1. நூலகத் தரவுத்தளமொன்றில் நூலின் பெயரை முதன்மைச் சாவியாகக் கொள்ள முடியாதது ஏன்?
2. காப்புப் பிரதியை அதே கணினியில் மட்டும் வைத்திருப்பதால் ஏற்படக்கூடிய இரு பாதிப்புகளைத் தருக.
3. உங்கள் பாடசாலை நூலகத் தரவுத்தளத்தில் நூலகர், மாணவர் ஆகியோருக்கு வழங்கத்தக்க அனுமதிகளை வேறுபடுத்தி எழுதுக.