எழுத்தில் பதிந்த உணர்வும் எழுதப்படாத துயரும்

நுழையும்முன்

உடலின் வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. குருதியின் அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. கோடிக்கணக்கான மக்களின் அச்சத்தையும் துயரத்தையும் அளக்க இயலுமா? கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் அறிவியலாளர் பலர் இவ்வினாவுக்கு விடை தேடினர். அவர்கள் கையாண்ட முறையையும் அதன் பயனையும் எல்லையையும் விளக்குகிறது இக்கட்டுரை.

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், கோவிட்-19 நோயை உலகளாவிய பெருந்தொற்று என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 24ஆம் நாள் இரவு, இந்தியா முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பள்ளிகளும் கடைவீதிகளும் வழிபாட்டிடங்களும் வெறிச்சோடின. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் மக்கள் பேசிக்கொண்டவை திறன்பேசியின் திரைக்கு இடம்பெயர்ந்தன.

நோய் எத்தனை பேரைத் தொற்றியது என்பதை ஆய்வகங்கள் நாள்தோறும் எண்ணிச் சொல்லின. அந்நோயின் அச்சத்தாலும் தனிமையாலும் வேலையிழப்பாலும் மக்கள் மனம் எவ்வாறு வாடியது என்பதையும் அறிய வேண்டியிருந்தது. அதை உரிய காலத்தில் அறிந்தால்தான் மனநல உதவியை உரியவர்க்குக் கொண்டு சேர்க்க முடியும். வீடு வீடாகச் சென்று வினவும் வழக்கமான முறை ஊரடங்கில் இயலாததாயிற்று. எனவே, மக்கள் தாமாகவே சமூக ஊடகங்களில் எழுதியவற்றை ஆய்வாளர்கள் தரவாகக் கொண்டனர்.

மெய்ப்பாடும் சொல்லும்

உணர்வுகளை வகைப்படுத்தும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என உணர்வுகளை எட்டாகப் பகுக்கிறது. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு எனவும் கூறுகிறது. உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்பட்டுப் பிறருக்குப் புலனாவதே மெய்ப்பாடு. கண்ணீரும் நடுக்கமும் முகமலர்ச்சியும் காண்போர்க்கு உணர்வை உணர்த்தும்.

சமூக ஊடகப் பதிவில் எழுதியவரின் முகம் தெரிவதில்லை. குரலின் ஏற்ற இறக்கம் கேட்பதில்லை. ஆய்வாளர் கையில் எஞ்சுவது சொல் ஒன்றே. ஆகவே, சொல்லைக் கொண்டே உணர்வை அளக்கும் 'உணர்வுப் பகுப்பாய்வு' என்னும் துறை வளர்ந்தது.

மகிழ்ச்சிமானி

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் டாட்ஸ், கிறிஸ் டேன்ஃபோர்த் ஆகியோரின் குழு 'ஹெடோனோமீட்டர்' என்னும் அளவியை உருவாக்கியது. இதனை 'மகிழ்ச்சிமானி' எனலாம். இக்குழுவினர் ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் 10,222 சொற்களைத் திரட்டினர். ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது என்பதற்கு ஐம்பதின்மரிடம் 1 முதல் 9 வரை மதிப்பெண் பெற்றுச் சராசரி கண்டனர். 'சிரிப்பு' என்னும் பொருளுடைய சொல் 8.50 பெற்று முதலிடத்தில் நின்றது. 'பயங்கரவாதி' என்னும் பொருளுடைய சொல் 1.30 பெற்றுக் கடைசியில் நின்றது.

ஒருநாளில் ட்விட்டரில் வெளியான பதிவுகளின் மாதிரியை எடுத்து, அவற்றிலுள்ள சொற்களின் மதிப்பெண்களுக்குச் சராசரி காண்பதே அக்காலத்தில் இவ்வளவியின் செயல்முறையாக இருந்தது. ஒரு பதிவில் உள்ள மூன்று சொற்கள் முறையே 8, 3, 1 என மதிப்பெண் பெற்றவை எனக் கொள்வோம். அப்பதிவின் சராசரி 4 ஆகும். மகிழ்வோ துயரோ சுட்டாத நடுநிலைச் சொற்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும். ஒரு பதிவைக்கொண்டு ஒருவர் மனத்தை அறிவது இதன் நோக்கமன்று. எண்ணற்ற பதிவுகளைக் கொண்டு ஒரு நாளின் பொதுப்போக்கை அறிவதே நோக்கம். பெருந்தொற்று அறிவிக்கப்பட்டதற்கு மறுநாளான 2020 மார்ச் 12இல் இம்மானி செங்குத்தாகச் சரிந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கருப்பினத்தவர் காவலர் பிடியில் உயிரிழந்ததைத் தொடர்ந்து, மே மாத இறுதியில் அதனினும் தாழ்ந்தது.

தெரிந்து தெளிவோம்

மகிழ்ச்சியை அளக்கும் கருவி பற்றிய கற்பனை பழமையானது. பொருளியல் அறிஞர் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மனிதர் துய்க்கும் இன்பத்தை நொடிதோறும் குறித்துச் செல்லும் கருவி ஒன்றைக் கற்பனை செய்தார்.

ஆய்வுகள் காட்டியவை

சீனாவில் 2020 ஜனவரி 20ஆம் நாள் நோய்ப்பரவல் குறித்த அறிவிப்பு வெளியானது. அதற்கு முன்னும் பின்னுமான ஒவ்வொரு வாரத்திலும் 'வெய்போ' என்னும் சமூக ஊடகத்தில் 17,865 பேர் எழுதிய பதிவுகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். அறிவிப்புக்குப் பின் பதற்றமும் சோர்வும் சினமும் மிகுந்தன. வாழ்க்கை நிறைவு குறைந்தது. பொழுதுபோக்கையும் நண்பர்களையும் பற்றிய பேச்சு குறைந்து, உடல்நலத்தையும் குடும்பத்தையும் பற்றிய பேச்சு மிகுந்தது.

நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் 65.4 கோடிப் பதிவுகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு 2022இல் வெளியானது. விடுமுறை நாளில் உயர்ந்திருக்கும் மக்களின் மனநிலை திங்கட்கிழமை சற்றுத் தாழ்வது வழக்கம். பெருந்தொற்றின் தொடக்கத்தில் ஏற்பட்ட சரிவு, இவ்வழக்கமான தாழ்வைப்போல் 4.7 மடங்கு இருந்தது. சரிவு விரைந்து நிகழ்ந்தது. மீட்சியோ மெல்லவே வந்தது. நோயின் அச்சம் விளைவித்ததையும் ஊரடங்கு விளைவித்ததையும் பிரித்தறிவது எளிதன்று என்பதையும், ஊரடங்கின் விளைவு நாட்டுக்கு நாடு வேறுபட்டது என்பதையும் இவ்வாய்வு உணர்த்தியது.

கணினி இடறும் இடங்கள்

சொற்பொருள் காலத்தோடு மாறுவது. 'பாசிட்டிவ்' என்பது பொதுவாக நன்மையைச் சுட்டும் சொல். பெருந்தொற்றுக் காலத்தில் அது நோயுற்றதைக் குறித்தது. "அம்மாவுக்கு நெகட்டிவ் என்று முடிவு வந்துவிட்டது" என ஒருவர் எழுதினால், அது நிம்மதிப் பெருமூச்சு. பழைய பட்டியலை மட்டும் நம்பும் கணினி அதனைத் துயரம் எனக் கணக்கிடும்.

புகழ்வதுபோலப் பழிப்பதை வஞ்சப்புகழ்ச்சி அணி என்பர். "அருமையான ஏற்பாடு! பசித்தவன் அடையாள அட்டையைத் தேடி அலைகிறான்" என்னும் தொடரில் 'அருமை' என்னும் சொல் பாராட்டன்று என்பதை மனிதர் உடனே அறிவர். கணினிக்கு அது கடினம்.

தமிழின் சொல்லமைப்பும் தனித்த அறைகூவலாகிறது. ஆங்கிலத்தில் எதிர்மறை பெரும்பாலும் தனிச்சொல்லாக நிற்கும். தமிழிலோ அது வினைமுற்றுக்குள்ளேயே அடங்கும். 'அஞ்சுவேன்' என்பது அச்சம். 'அஞ்சேன்' என்பது துணிவு. 'அஞ்சு' என்னும் பகுதியை மட்டும் நோக்கும் கணினி, இரண்டையும் அச்சம் என்றே எண்ணும். மேலும், சமூக ஊடகத் தமிழ் பலவேளைகளில் ஆங்கில எழுத்திலும் இருமொழிக் கலப்பிலும் எழுதப்படுகிறது. இதனை எதிர்கொள்ளும் முயற்சியாக, யூடியூபில் இடம்பெற்ற 15,744 தமிழ்–ஆங்கிலக் கலப்புக் கருத்துரைகளைக் கொண்ட தரவுத்தொகுதி 2020இல் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு கருத்துரையையும் குறைந்தது மூவர் படித்து உணர்வை வகைப்படுத்தினர். கணினிக்குக் கற்பிக்கவும் மொழியறிந்த மனிதரே வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

எழுதாதவர் யார்?

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. எழுதியவர் உணர்வையே இம்முறை அளக்கிறது. எழுதாதவர் கணக்கில் வருவதே இல்லை. திறன்பேசி இல்லாதவர், எழுத்தறியாதவர், முதியவர் எனப் பலரும் விடுபடுகின்றனர். ஒருவரே நூறு பதிவு எழுதினால் அவர் குரல் நூறு மடங்காகக் கேட்கிறது.

ஊரடங்கு அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே பெருநகரங்களிலிருந்து புலம்பெயர் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் சொந்த ஊர்களை நோக்கி நடக்கத் தொடங்கினர். 2020 மே 8ஆம் நாள், மகாராட்டிர மாநிலம் ஔரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் இருப்புப்பாதையிலேயே உறங்கிவிட்ட தொழிலாளர் பதினாறு பேர் சரக்குத் தொடர்வண்டி மோதி உயிரிழந்தனர். இழிவுபடுதல், இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தாழ்தல், வறுமை ஆகிய நான்கையும் அழுகையின் நிலைக்களன்களாக மெய்ப்பாட்டியல் சுட்டுகிறது. நெடுஞ்சாலையில் நடந்தவர் வாழ்வில் இந்நான்கும் ஒருங்கே நேர்ந்தன. அவர்களுள் எத்தனை பேர் தம் துயரைப் பதிவாக எழுதியிருக்க இயலும்? வீட்டிலிருந்து எழுதியவரின் சலிப்பு எண்ணாகப் பதிந்தது. நடந்தவரின் துயரமோ பெரிதும் எண்ணுக்கு வெளியே நின்றது.

ஊரடங்கில் ஒரு மாநிலத்தின் மனநிலை சீராக இருப்பதாக வரைபடம் காட்டலாம். அதை மட்டும் நம்பி உதவிகள் பகிரப்பட்டால், மிகுதியாகத் தேவைப்படுவோர்க்கு உதவி கிட்டாது. எனவே, தொலைபேசி வழிக் கருத்தாய்வு, மனநல உதவி மையங்களுக்கு வரும் அழைப்புகள், களப்பணியாளர் நேரில் கண்டறிந்தவை ஆகியவற்றோடு ஒப்பிட்ட பின்னரே சமூக ஊடக அளவீட்டைக் கொள்ளுதல் வேண்டும்.

அளப்பவர்க்கும் வரம்பு உண்டு

2012ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் 6,89,003 பயனரின் திரையில் தோன்றும் பதிவுகளை ஒரு வாரம் மாற்றியமைத்து, அவர்தம் உணர்வு மாறுகிறதா என ஆய்ந்தது. தனியே இசைவு பெறாமல் நிகழ்ந்த இவ்வாய்வு 2014இல் வெளிவந்தபோது கடும் கண்டனம் எழுந்தது. மக்களின் உணர்வை அறிவது வேறு. அவர் அறியாமல் அதனை மாற்ற முயல்வது வேறு. தனியொருவர் அடையாளம் வெளிப்படாது காத்தலும், நோக்கத்தை வெளிப்படையாகக் கூறுதலும் ஆய்வாளர் கடமைகள்.

பேரிடர்க் காலத்தில் ஒரு சமூகத்தின் மனவாட்டத்தை விரைந்து அறிய உணர்வுப் பகுப்பாய்வு துணைசெய்கிறது. அது காட்டும் எண்ணைப் படிக்கும்போதெல்லாம் அவ்வெண்ணில் இடம்பெறாதவர் யார் என்னும் வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை தேடி, எழுதாதவரிடமும் சென்று கேட்கும்போதே இவ்வறிவியல் மக்களுக்கு முழுமையாகப் பயன்படும்.

கற்பவை கற்றபின்

1. மெய்ப்பாடுகள் எட்டனுள் ஊரடங்குக் காலத்தில் மிகுந்து வெளிப்பட்டவை எவை என்பதைக் காரணத்துடன் எழுதுக.

2. எதிர்மறைப் பொருளைத் தன்னுள் கொண்ட வினைமுற்றுகள் பத்தினைத் தொகுத்து, அவற்றுக்குரிய உடன்பாட்டு வடிவங்களையும் எழுதுக.

3. ஊரடங்கின்போது சமூக ஊடகத்தைப் பயன்படுத்தாத முதியவர் ஒருவரிடம் உரையாடி, அவர்தம் பட்டறிவை ஒரு பக்க அளவில் எழுதுக.