பாலை நிலத்தில் தனியாகப் பறவை நோக்குதல்

பறவை நோக்குதல் என்பது பறவைகளை அவை வாழும் இடத்திலேயே, அவற்றுக்குத் தொந்தரவு தராமல் கண்டு, இனம் அறிந்து, குறித்து வைக்கும் செயலாகும். ஏரிக்கரையிலும் காட்டிலும் இதைச் செய்வோர் பலர். வறண்ட வெட்டவெளியில், அதுவும் தனியாகச் செய்வோர் மிகச் சிலரே. இக்கட்டுரை இராஜஸ்தானின் தார் பாலைவனத்தையும், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையடிவாரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை விளக்குகிறது.

பாலை என்பது எது?

தமிழ்நாட்டில் பாலைவனம் கிடையாது. தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிகளே மணற்காட்டுக்கு ஓரளவு நெருங்கியவை. ஆனால் பாலை என்னும் திணை நமக்கு உண்டு. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகத் திரியும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. புறா, பருந்து, எருவை, கழுகு ஆகியவற்றைப் பாலைக்குரிய பறவைகளாக இலக்கண நூல்கள் குறித்தன. மாணவரிடம் பாலையை வரையச் சொன்னால் ஒட்டகமும் ஈச்ச மரமும்தான் வரும். அது வேறு நாட்டுப் பாலை.

நம் பாலையைக் காண மே மாதத்தில் கச்சிராயப்பாளையம் பக்கம் போனால் போதும். மேலே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை. கீழே கோமுகி அணை. கரும்பும் மரவள்ளியும் விளையும் வயல்களுக்கு நடுவே சரளைக்கல்லும் முட்புதரும் நிறைந்த மேட்டு நிலங்கள். பருவமழைக்குப் பின் பசும்புல் தலைகாட்டும் அதே இடம் கோடையில் செம்பழுப்பாகக் காய்ந்துவிடும்.

வெட்டவெளிப் பறவைகள்

இத்தகைய நிலத்தில் பறவை இல்லை என்று தோன்றுவதற்குக் காரணம் அவற்றின் நிறம். வானம்பாடி, கௌதாரி, கண்கிலேடி, மஞ்சள்மூக்கு ஆள்காட்டி எல்லாம் மண்ணின் நிறத்திலேயே இருக்கும். அசைந்தால்தான் தெரியும். ஆகவே நடந்துகொண்டே தேடுபவரைவிட ஒரே இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கே அதிகம் தென்படும். தனியாகப் போவதன் பெரிய பலன் இதுதான்: பேச்சுத் துணை இல்லாததால் உட்கார்ந்திருக்க முடிகிறது.

இந்தியக் கல்குருவி என்னும் பறவையின் அறிவியல் பெயர் கர்சோரியஸ் கோரமாண்டலிகஸ். சோழமண்டலக் கடற்கரையின் பெயரையே 1789இல் அதற்குச் சூட்டினர். நெட்டைக் கால்களால் குடுகுடுவென ஓடி, சட்டென்று நின்று, குனிந்து பூச்சியைக் கொத்தும் இப்பறவைக்குத் திறந்த வெளி வேண்டும். புதர் அடர்ந்தாலோ, மரக்கன்றுகளை வரிசையாக நட்டாலோ அது அவ்விடத்தை விட்டுப் போய்விடும். மரம் நடுவது எங்கும் நல்லதே என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது இந்த இடத்தில் பொருந்தாது.

கல்கௌதாரிகள் காய்ந்த விதைகளைத் தின்று வாழ்வதால் நாள்தோறும் நீர் தேடி வந்தாக வேண்டும். ஆண் பறவை தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து, அந்த ஈரத்தைச் சுமந்து பறந்து குஞ்சுகளுக்குக் கொடுக்கும். இறகின் நுண்ணிழைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வகையில் அமைந்துள்ளன. காலையில் ஒரு குட்டைக்குச் சற்றுத் தள்ளி மறைவாக அமர்ந்தால் இவை கூட்டமாக இறங்குவதைக் காணலாம். குட்டையின் விளிம்பிலேயே அமர்ந்தால் பறவை இறங்காது. அன்று குஞ்சுக்கு நீரும் இல்லை.

தார் பாலைவனம்

ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் ஏறத்தாழ 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா உள்ளது. ஜெய்சல்மேர் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள சாம் மணல்மேடுகள் சுற்றுலாப் பயணிகளின் இடம். பறவை நோக்குவோர் நாடுவது சுதாசரியின் புல்வெளியை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளும் கழுகு, பிணந்தின்னிக் கழுகு வகைகளும் அப்போதுதான் இருக்கும். பலோடி அருகே கீச்சன் என்னும் சிற்றூரில் குர்ஜா எனப்படும் கொக்கினம் ஆயிரக்கணக்கில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஊர் மக்கள் அவற்றுக்குத் தானியம் இறைக்கின்றனர்.

ஆனால் பலரும் அங்கே செல்வது கானமயிலைக் காணத்தான். சுமார் ஒரு மீட்டர் உயரமும், ஆண் பறவை 15 கிலோ வரை எடையும் கொண்ட இது பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட புல்வெளிகள் வரை பரவியிருந்தது. இன்று 150க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாகக் கணிக்கப்படுகிறது. பெரும்பாலானவை தாரில் உள்ளன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2011இல் இதை மிக அருகிய இனமாக அறிவித்தது. வழக்கமாக ஒரே ஒரு முட்டைதான் தரையில் இடும். வேட்டை குறைந்த பின்னும் எண்ணிக்கை கூடாமைக்கு மின்கம்பிகள் முக்கியக் காரணம். கானமயிலுக்கு நேர்முன்னே பார்க்கும் திறன் குறைவு, உடலும் கனம். கம்பி கண்ணில் படும்போது திரும்ப நேரமிருக்காது. காற்றாலை, சூரிய மின் நிலையங்களுக்கான கம்பிகளை இப்பகுதிகளில் புதைவடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அவ்வாணையை மாற்றி, ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. சாம், ராம்தேவ்ரா ஆகிய இடங்களில் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து வளர்க்கும் பணி நடக்கிறது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் வழியாக முதல் குஞ்சு பிறந்தது.

தனியாகச் செல்வோர் அறிய வேண்டியவை

தார் பகுதி நாட்டின் எல்லையை ஒட்டியது. அடையாள அட்டை, வனத்துறை அனுமதி இரண்டும் இன்றிப் போகக் கூடாது. தனிப் பயணம் என்றாலும் உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. மணலில் தடம் ஒன்றுபோலவே தோன்றும். கல்வராயனிலும் காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை. மலையாளி பழங்குடியினரின் ஊர்களில் தொலைநோக்கியோடு ஒருவர் தனியே திரிந்தால் ஐயம் எழுவது இயல்பே. முதலில் ஊராரிடம் வந்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். பறவை எங்கே கூடு கட்டும், எப்போது நீர் குடிக்கும் என்பது ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த நூலுக்கும் தெரியாது.

இரு இடங்களிலும் சுருட்டை விரியன் உண்டு. கணுக்காலை மூடும் காலணி அணிய வேண்டும். கல்லைக் கையால் புரட்டக் கூடாது. திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். எடுத்துச் சென்ற நீரில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். வெயில் ஏறியபின் கானல் அலைவதால் தொலைநோக்கியில் உருவம் கலங்கும். அதன்பின் அங்கே நிற்பதில் பயனும் இல்லை.

தரைக்கூடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே வட்டமிட்டால் முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்று பொருள். கோடையில் தாய்ப்பறவை அடைகாப்பது சூடேற்ற மட்டுமல்ல, நிழல் தருவதற்கும்தான். வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. படம் எடுக்க நாம் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கும். உடனே வந்த வழியே விலகுவதே முறை. பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பதும் தவறு.

குறிப்பேடு

நாள், நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஆறும் போதும். இவற்றை இபேர்டு தளத்தில் பதிவேற்றலாம். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் தனிநபரும் கலந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து எழுதினால் அது ஒரு பட்டியலாகும். ஏரிகளுக்கு இத்தகைய பட்டியல்கள் ஏராளம். மேட்டு நிலங்களுக்கு மிகக் குறைவு. ஆவணங்களில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம் மனையாகவோ தோப்பாகவோ மாறும்போது, அங்கே என்ன இருந்தது என்று காட்ட வேறு சான்று இருப்பதில்லை. எனவே ஒரு மணி நேரம் அமர்ந்தும் இரண்டு வானம்பாடிகள் மட்டுமே தென்பட்டன என்றால், அந்த இரண்டையும் தேதியோடு எழுதிவைக்க வேண்டும்.