நீராவிப் பெட்டிக்கு மூளை மாற்றும் சிகிச்சை!

"உஸ்... உஸ்... உஸ்..."

சமையல் அறையில் இருந்த பாட்டிக்கு அந்தச் சத்தம் கேட்டது. குக்கர் சத்தம் என்று முதலில் நினைத்தார். ஆனால் அடுப்பில் குக்கரே இல்லை!

பாட்டி கூடத்தை எட்டிப் பார்த்தார். மூலையில் இருந்த நீராவிப் பெட்டி சீறிக் கொண்டு இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஆனாலும் மூடியின் ஓரமாக ஆவி பீறிட்டது.

பாட்டி பெட்டியின் பக்கம் போகவில்லை. நேராகச் சுவர் ஓரம் போனார். சுவிட்சை அணைத்தார். "எல்லோரும் வெளியே வாங்க!" என்று கத்தினார்.

அன்று அந்த வீட்டைக் காப்பாற்றியது என்ஜினீயர் படிப்பு அல்ல. நாற்பது வருஷம் குக்கர் வைத்துப் பழகிய அனுபவம்!

இது எந்த வீட்டிலும் நடக்கக் கூடிய கதை. எப்படி நடந்தது என்று தெரிந்து கொண்டால், இன்னொரு வீட்டில் நடக்காமல் தடுக்கலாம்.

மூட்டைப்பூச்சிக்கு எமன்

நீராவிப் பெட்டி என்றால் என்ன?

வீட்டைச் சுத்தம் செய்யும் மின்சாரக் கருவி அது. பார்ப்பதற்குச் சின்னப் பெட்டி போல இருக்கும். உள்ளே ஒரு கொதிகலன் உண்டு. அதில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, சுவிட்சைப் போட்டால் தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி ரப்பர் குழாய் வழியாக வேகமாக வெளியே வரும்.

அடுப்பு மேடையில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு, குளியல் அறை ஓட்டில் படிந்த அழுக்கு எல்லாம் இளகி விடும். சோப்பு வேண்டாம். மருந்து வேண்டாம். மெத்தை மடிப்பில் மெதுவாகக் காட்டினால், சூடு பட்ட இடத்தில் மூட்டைப்பூச்சியும் சாகும். அதன் முட்டையும் சாகும்.

அந்த வீட்டில் மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வரப் போகிறாள். கட்டிலில் மூட்டைப்பூச்சி! பிள்ளைத்தாய்ச்சி படுக்கும் இடத்தில் பூச்சி மருந்து அடிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. நீராவிப் பெட்டியை எடுத்தார். பிளக்கைச் சொருகினார்.

விளக்கு எரியவில்லை. பெட்டி சூடாகவில்லை.

"டைரக்ட்" கொடுத்த மெக்கானிக்

தெரு முனையில் இருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்தார்.

"போர்டு போயிடுச்சும்மா. புதுசு கிடைக்கிறது கஷ்டம். டைரக்ட் கொடுத்துடறேன். நல்லா வேலை செய்யும்" என்றார்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆவி வந்தது. முன்பைவிட வேகமாக வந்தது! வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாள்தான் பாட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

பெட்டியின் மூளை

"போர்டு" என்பது உள்ளங்கை அளவுப் பலகை. மெல்லிய செம்புக் கோடுகள் அதில் ஓடும். பொட்டுப் பொட்டாகச் சின்னச் சின்னப் பாகங்கள் ஒட்டி இருக்கும். அதுதான் பெட்டியின் மூளை.

கொதிகலனில் ஒட்டி இருக்கும் "சென்சார்" என்ற பாகம் சூட்டைப் பார்த்துச் சொல்லும். தண்ணீர் குறைந்தாலும் தகவல் போகும். மூளை அதைக் கேட்டு, "போதும்" என்று உத்தரவு போடும். அந்த உத்தரவை நிறைவேற்றுவது "ரிலே". மின்சாரத்தைத் திறந்து மூடும் தானியங்கிக் கதவு அது. கதவு மூடினால் ஹீட்டருக்கு மின்சாரம் போகாது. சூடு தணிந்ததும் கதவு மறுபடி திறக்கும்.

மூளை தவறினாலும் கவலை இல்லை. இன்னும் இரண்டு காவல்காரர்கள் உண்டு. ஒன்று "தெர்மல் பியூஸ்". சூடு அளவு மீறினால் தானே அறுந்து மின்சாரத்தை நிறுத்தி விடும். இன்னொன்று "சேப்டி வால்வு". அழுத்தம் மீறினால் ஆவியை வெளியே விட்டு விடும்.

"டைரக்ட்" கொடுப்பது என்றால் என்ன? மூளையை வெட்டி விட்டு, ஹீட்டரை நேராகச் சுவர் மின்சாரத்தில் கட்டுவது. அந்த மெக்கானிக் தெர்மல் பியூசையும் சேர்த்து வெட்டி விட்டார். "போதும்" என்று சொல்ல அங்கே ஆளே இல்லை!

மிச்சம் இருந்தது சேப்டி வால்வு ஒன்றுதான். அதுதான் அன்று "உஸ், உஸ்" என்று கதறியது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் படிந்து அந்த வால்வும் இறுகி இருந்தால்?

நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

குக்கரை விட மூன்று மடங்கு

சமையல் குக்கருக்குள் அழுத்தம் சுமார் 1 பார். சூடு சுமார் 120 டிகிரி. கொதிகலன் உள்ள பல நீராவிப் பெட்டிகளில் அழுத்தம் 3 பார் வரை போகும். சூடு 140 டிகிரியைத் தாண்டும். கார் டயரில் அடைக்கும் காற்றை விட அதிக அழுத்தம் இது!

ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால், திறந்த வெளியில் சுமார் 1,600 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஆவிக் காயம் வெந்நீர்க் காயத்தை விடக் கொடியது. ஒரு கிராம் ஆவி தோலில் பட்டு நீராகும்போதே சுமார் 540 கலோரி வெப்பத்தைக் கொட்டி விடுகிறது. பிறகு அந்த வெந்நீரும் சேர்ந்து சுடும்!

2024 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு வகைக் கைநீராவிக் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. வெந்நீரும் ஆவியும் திடீரென்று பீறிட்டுப் பலருக்குச் சூட்டுக் காயம் ஏற்பட்டதுதான் காரணம். எத்தனை கருவிகள் தெரியுமா? சுமார் 32 லட்சம்!

ஆவியைப் பூட்டி வைத்தால் அது வழி தேடும் என்பது புதிய விஷயம் அல்ல. பிரெஞ்சுக்காரரான தெனி பாப்பின் 1679-ல் லண்டனில் ஆவிப் பாத்திரம் செய்தார். இன்றைய குக்கருக்கு அதுதான் பாட்டன். பாத்திரம் வெடிக்காமல் இருக்க எடை வைத்த வால்வு ஒன்றை அவர் பொருத்தினார். முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பாடம் மாறவில்லை.

கொலையாளி யார்?

சென்னை அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது ரிச்சி தெரு. மின்னணுச் சாமான்களுக்குப் பெயர் போன இடம். அந்தப் பக்கத்துப் பழைய மெக்கானிக் ஒருவரிடம் அம்மா பெட்டியைக் கொண்டு போனார். அவருக்கு அறுபது வயசு இருக்கும்.

"அண்ணே, போர்டை மாத்திக் கொடுங்க. மகள் வரப் போகிறாள். அவசரம்" என்றார் அம்மா.

"மாத்தலாம்மா. அது ஏன் போச்சுன்னு முதல்லே பார்ப்போம். இல்லேன்னா புதுப் போர்டும் போயிடும்" என்றார் அவர்.

பெட்டி நன்றாக ஆறி இருக்கிறதா என்று பார்த்தார். மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரைக் கொட்டினார். பிறகுதான் ஸ்குரூவில் கை வைத்தார்.

மல்டிமீட்டரை எடுத்து ஹீட்டரைச் சோதித்தார். அது 1,500 வாட் ஹீட்டர். நம் ஊர் 230 வோல்டுக்குச் சுமார் 35 ஓம் காட்ட வேண்டும். காட்டியது. "ஹீட்டர் பிழைச்சுது" என்றார். ஹீட்டருக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று "மெக்கர்" வைத்துப் பார்த்தார். இல்லை. தெர்மல் பியூஸ் அறுந்து கிடந்தது. சென்சார் நல்லபடி இருந்தது.

கடைசியாகப் போர்டைக் கழற்றினார். ஒரு மூலை கருகி இருந்தது. கருகிய இடத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்து இருந்தது.

அவர் முகம் மலர்ந்தது.

"இது தானாச் சாகலேம்மா. கொலை!" என்றார்.

கொலையாளி யார்? ஒரு ரப்பர் வாஷர்!

கொதிகலனில் இருந்து குழாய் புறப்படும் இடத்தில் அந்த வாஷர் இருந்தது. சூட்டில் வெந்து வெந்து வெடித்து விட்டது. அதன் வழியே ஆவி கசிந்தது. துளித் துளியாகப் போர்டின் மேல் விழுந்தது. தண்ணீரில் இருந்த உப்பு அங்கே படிந்தது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்சாரம் குறுக்கு வழியில் ஓடும். ஓடியது. போர்டு எரிந்தது.

வாஷரை மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால்? சில வாரத்தில் இன்னொரு கொலை!

போர்டு சாவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ரிலேயின் முனைகள் தீப்பொறி பட்டுப் பட்டுத் தேய்ந்து போகும். சில சமயம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். ஈயப்பற்று விரிசல் விடும். சூட்டில் கெபாசிட்டர் உப்பி விடும். கதகதப்புக்கு ஆசைப்பட்டு எறும்பும் கரப்பானும் உள்ளே குடித்தனம் நடத்துவதும் உண்டு!

சிகிச்சை ஆரம்பம்

புதுப் போர்டு வாங்கும்போதுதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பார்ப்பதற்கு ஒன்று போல் இருந்தால் போதாது. பழைய போர்டில் அச்சடித்த எண்ணும் புதிய போர்டின் எண்ணும் ஒத்துப் போக வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்டு மின்சாரம். அங்குள்ள பெட்டியின் போர்டை இங்கே மாட்டினால் புகைதான் வரும். ஹீட்டர் இழுக்கும் மின்சாரத்தை ரிலே தாங்க வேண்டும். 1,500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர்.

பெரியவர் எல்லாம் சரி பார்த்துப் புதுப் போர்டு வாங்கினார்.

ஒயர்களைப் பிடுங்குவதற்கு முன்னால் செல்போனில் இரண்டு படம் எடுத்துக் கொண்டார். எந்த ஒயர் எந்த முனைக்குப் போகிறது என்று பின்னால் சண்டை வரக் கூடாது அல்லவா? புது வாஷரைப் போட்டார். அதே டிகிரி அளவுள்ள புதுத் தெர்மல் பியூசை மாட்டினார். போர்டை மாட்டினார். முனைகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். முனை தளர்ந்து இருந்தால் சூடாகிக் கருகும். ஒயர்கள் கொதிகலனில் படாமல் ஒதுக்கிக் கட்டினார். எர்த் ஒயரை மறக்காமல் முடுக்கினார்.

எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொதிகலனில் ஊற்றி ஊற வைத்தார். படிந்து இருந்த வெள்ளைக் கசடு கரைந்து வந்தது. பல முறை அலசிக் கொட்டினார். சேப்டி வால்வு அசைகிறதா என்று பார்த்தார்.

கடைசியில் பெட்டியைக் கடைக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைத்தார். தூரத்தில் இருந்து சுவிட்சைப் போட்டார்.

விளக்கு எரிந்தது. சில நிமிஷத்தில் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். ரிலே மூடிக் கொண்டது. மீட்டரில் மின்சாரம் பூஜ்யம்.

"சூடாக்குறது பெரிசு இல்லேம்மா. நிறுத்தத் தெரியணும். அதுதான் நல்ல போர்டு" என்றார் பெரியவர்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெட்டியைத் திறந்து போர்டில் கை வைப்பது வீட்டில் செய்யும் வேலை அல்ல. இப்படிப்பட்ட பல போர்டுகளில் எல்லாப் பாகமும் சுவர் மின்சாரத்தோடு நேர் தொடர்பு உள்ளவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கி இருக்கும். அது தெரிந்தவர் வேலை.

ஆனால் சில காரியங்களை வீட்டில் இருப்பவர்களே செய்யலாம்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கம்பெனிப் புத்தகத்தில் எந்தத் தண்ணீர் சொல்லி இருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். வேலை முடிந்து ஆறியதும் மிச்சத்தைக் கொட்டி விட வேண்டும்.

பெட்டியின் அடியில் ஈரம் கண்டால் நிறுத்தி விட வேண்டும். வாஷர் போகிறது என்று அது சொல்லும் முன்னறிவிப்பு!

எர்த் உள்ள மூன்று துளைப் பிளக்கில்தான் சொருக வேண்டும். பெட்டியைப் போட்டதும் இ.எல்.சி.பி. விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கி விடக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஒன்று. மெக்கானிக் "டைரக்ட் கொடுத்துடறேன்" என்று சொன்னால், "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்!

பழுது பார்ப்பது உரிமை

"போர்டு கிடைக்காது, புதுசு வாங்குங்கள்" என்ற பேச்சு ஊர் உலகம் எல்லாம் கேட்கிறது. இதை எதிர்த்துப் பல நாடுகளில் குரல் எழுந்தது. சலவை எந்திரம், குளிர்பெட்டி, தூசி உறிஞ்சி போன்றவற்றைக் கம்பெனிகள் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2024-ல் சட்டம் செய்தது. இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24-ந்தேதி "பழுது பார்க்கும் உரிமை" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. நுகர்வோர் புகார் சொல்ல 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

எரிந்த போர்டைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. அதில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கலாம். 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் அது போய்ச் சேர வேண்டும்.

பாட்டி சொன்ன தீர்ப்பு

பெட்டி வீட்டுக்கு வந்தது. கட்டில் கால், மெத்தை மடிப்பு, தலையணை ஓரம் எங்கும் அம்மா பொறுமையாக ஆவி காட்டினார். மெத்தையை இரண்டு நாள் வெயிலில் போட்டு உலர்த்தினார். மகள் வந்து நிம்மதியாகத் தூங்கினாள்.

முதல் மெக்கானிக்கும் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தார். "என்ன பாட்டி, நான் டைரக்ட் கொடுத்தது நல்லாத்தானே வேலை செஞ்சுது?" என்று கேட்டார்.

பாட்டி கோபிக்கவில்லை. சமையல் அறைக்குப் போய், குக்கர் "வெயிட்"டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார்.

"தம்பி, இது இருக்கிற ஓட்டையை ஆணி அடிச்சு மூடிட்டு உன் வீட்டிலே சோறு வடிப்பியா?"

மெக்கானிக் தலை குனிந்தார். பதில் சொல்லவில்லை.