சாய்ந்த வண்டியும் ஹூக் விதியும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஓட்டுநர். சென்ற ஆண்டு கடன் பெற்று, பழைய எஸ்.யூ.வி. வண்டி ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

சில மாதங்களில் வண்டியின் வலப் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. 'லெவலிங் கிட்' என்ற சாதனத்தைக் கைப்பேசியில் கண்ட நான், "இதைப் போட்டால் சரியாகிவிடும்" என்றேன். அப்பா சற்று யோசித்து, "ஏம்ப்பா, இதப் பத்தி உன் பாடத்துல ஒண்ணும் சொல்லலையா?" என்றார். அக்கேள்வி என்னைச் சுட்டது.

லெவலிங் கிட் என்பது யாது? அமெரிக்கப் பிக்கப் வண்டிகளின் பின்பக்கம் சற்று உயர்ந்தே இருக்கும். சுமை ஏறியதும் சமமாகும். சுமை ஏற்றாதோர் முன்பக்க ஸ்பிரிங்கின் மேல் ஒரு வளையத்தை வைத்து, முன்பக்கத்தை உயர்த்திச் சமன் செய்வர். இதுவே அந்தக் கிட். எங்கள் வண்டியின் நோயோ வேறு.

பின்பக்கத்தை உயர்த்த மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பட்டைக்கும் அச்சுக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது. உயரம் கூடும், பட்டையின் விறைப்பு கூடாது. இரண்டு, கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது. விறைப்பு கூடும், ஆனால் சுமையில்லாதபோது வண்டி தூக்கிப் போடும். மூன்று, தளர்ந்த பட்டைகளுக்கு மீண்டும் வளைவு ஏற்றுவது, அல்லது புதிதாக மாற்றுவது.

எதைத் தேர்வது? இங்குதான் 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி துணைக்கு வருகிறது: மீட்சி எல்லைக்குள், நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் அமையும். எஃகுப் பட்டை வளைவு இழந்து தாழ்ந்தாலும் அதன் விறைப்பு ஏறக்குறைய மாறுவதில்லை. ஆனால் பட்டை உடைந்தால் விறைப்பு குறையும். எனவே உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. சுமை ஏற்றியும் அளக்க வேண்டும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். இடப்பக்கம் 46 செ.மீ.; வலப்பக்கம் 43.5 செ.மீ. பிறகு வகுப்புத் தோழர் நால்வரைப் பின்னால் பக்கத்துக்கு இருவராக அமர்த்தினேன். இடப்பக்கம் 3.2 செ.மீ. இறங்கியது, வலப்பக்கமோ 4 செ.மீ. இறங்கியது! வெறும் தளர்ச்சியாயின் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருக்க வேண்டும். 3.2க்கு 4 என்பது 4க்கு 5 என்ற விகிதம். எங்கள் வண்டியில் பக்கத்துக்கு ஐந்து பட்டைகள். அப்படியானால் வலப்பக்கம் நான்குதான் வேலை செய்கிறதோ?

பட்டறையில் மேஸ்திரி சேற்றைச் சுரண்டிப் பட்டைகளைக் கழற்றினார். மூன்றாம் பட்டை நடு போல்ட் துளையருகே இரண்டாக உடைந்திருந்தது. துளையுள்ள இடத்தில் தகைவு குவிவதால் அங்கே விரிசல் தோன்றுவது இயல்பு. நான் சொன்னபடி கட்டையை வைத்திருந்தால் வண்டி நேராக நின்றிருக்கும். உடைந்த பட்டை உள்ளேயே மறைந்திருக்கும். மீதிப் பட்டைகளும் ஒருநாள் முறிந்திருந்தால் வண்டியில் இருப்போர் கதி என்ன? நினைக்கவே நெஞ்சு நடுங்கியது.

உடைந்த பட்டையையும் யூ போல்ட்டுகளையும் மாற்றி, இருபுறமும் வளைவு ஏற்றினோம். இப்போது இருபக்க வேறுபாடு அரை செ.மீ. மட்டுமே.

ஆகவே நண்பர்களே, பழைய வண்டியைச் சமன் செய்ய விரும்பினால், கிட் வாங்குமுன் அளவு நாடாவை எடுங்கள். ஏன் தாழ்ந்தது என்று அறிந்த பிறகே எதை வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.

மேஸ்திரியிடம் அப்பா சொன்னார்: "பையன் கணக்குப் போட்டே கண்டுபிடிச்சுட்டான்." இரண்டாண்டுப் படிப்பில் நான் பெற்ற பெரிய மதிப்பெண் அதுவே.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)