காவல் காக்கும் புரதமே மூட்டை அரித்தால்…

கட்டுகஸ்தோட்டையில் எமது தையல் வகுப்புக்கு வரும் சகோதரி ஒருவருக்குக் காலை வேளையில் கத்தரிக்கோல் பிடிக்க இயலாது. விரல் மூட்டுகள் வீங்கிச் சூடாக இருக்கும். இறுக்கம் தளர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். "வன்னியில பங்கர் வெட்டின கை மிஸ். அதோட இந்தக் கண்டிக் குளிரும்" என்பார். நானும் அப்படியே நம்பினேன். கிளினிக்கில் வைத்தியர் அதனை முடக்குவாதம் என்றார்.

எமது உடலின் நிர்ப்பீடனக் கலங்கள் கிருமிகளைக் கண்டதும் ரி.என்.எஃப். என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. ஏனைய கலங்களைத் துணைக்கு அழைக்கும் செய்தி அது. கிருமி அழிந்ததும் சுரப்பு அடங்கவேண்டும். முடக்குவாதத்தில் அது அடங்குவதில்லை. மூட்டின் உட்சவ்வு வீங்கி, என்பும் அரிக்கப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களையே இந்நோய் இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகப் பாதிக்கிறது.

லண்டனில் பணியாற்றிய மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் 1992 இல் இப்புரதத்தைத் தடுக்கும் மருந்தை முடக்குவாத நோயாளருக்கு முதன்முதலாக ஏற்றினர். வீக்கமும் வலியும் தணிந்தன. 2003 இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆனால், உடலில் உறங்கும் காசநோய்க் கிருமிகளைச் சிறைவைத்திருப்பதும் இதே புரதம்தான். அதனைத் தடுத்தால் காசநோய் மீண்டும் தலைதூக்கலாம். இதனை நான் விளக்கியபோது அந்தச் சகோதரி மௌனமானார். பஸ்ஸில் வரும்போதுதான் வாய்திறந்தார். "முகாமில இருக்கேக்க எனக்குக் காசம் வந்தது மிஸ். மகளின்ர கலியாணத்துக்காக டொக்டரிட்டச் சொல்லேல்ல."

அடுத்த கிளினிக்குக்கு இருவரும் சென்றோம். அவரே சொன்னார். வைத்தியர் கோபிக்கவில்லை, கொப்பியில் எழுதிக்கொண்டு நெஞ்சு எக்ஸ்ரேக்கு அனுப்பினார். புரதத்தைத் தடுக்கும் ஊசி இப்போதைக்குத் தேவையில்லை என்று, மெதோட்ரெக்சேற் குளிசையைத் தொடங்கினார்.

சகோதரிகளே, அந்தக் குளிசை முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. தினமும் எடுத்தால் உயிராபத்து. கர்ப்பிணிகள் எடுக்கக்கூடாது. வீக்கம் வற்றுகிறதென்று ஸ்டீரொயிட் குளிசைகளைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காலை இறுக்கமும் மூட்டு வீக்கமும் சில வாரங்கள் நீடித்தால் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காசநோய் வந்திருந்தால் மறைக்காதீர்கள். அது குற்றமல்ல, வைத்தியர் அறியவேண்டிய செய்தி.

அந்தச் சகோதரி இப்போது மீண்டும் துணி வெட்டுகிறார்.