கூர்த்தனே குலத்தின் கொடிவழி

தம் முன்னோர் யாவர் என அறிய விரும்புவது எந்நாட்டு மக்களுக்கும் இயல்பு. தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களை வீட்டு முதியோர் வாயிலாகக் கேட்டறியலாம். அதற்கு மேலே செல்ல வேண்டுமாயின் எழுத்துச் சான்று தேவை. பிரான்சு தேசத்திலே ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கோயில்தோறும் முறையாக எழுதிவரல் வேண்டும் என்ற அரச கட்டளை 1539-ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளின் முன் வாழ்ந்த பிரபுக்களின் கொடிவழியை அறிஞர் எங்ஙனம் கண்டறிந்தனர்? கண்டறிந்த உண்மையால் விளைந்த பயன்தான் யாது? இவ்விரு வினாக்களுக்கும் ஒருங்கே விடை தருவது கூர்த்தனே என்னும் பிரபு குலத்தின் வரலாறு.

பழைய பிரான்சு நாட்டுப் பெருமக்களுக்குக் குடும்பப் பெயர் என ஒன்று இருக்கவில்லை. ஒருவருக்கு ஒரு பெயரே உண்டு. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் மன்னரின் வலிமை குன்றிய காலத்தில், ஆங்காங்கே இருந்த வீரர் கோட்டை கட்டிக்கொண்டு சுற்றுப்புறத்தை ஆளத் தலைப்பட்டனர். கோட்டை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது; கோட்டையின் பெயரும் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே, ஒரு குலத்தின் கொடிவழியைத் தேடிச் செல்பவர் பெரும்பாலும் ஒரு கோட்டையின் வாயிலில் வந்து நிற்பர். அதற்கு அப்பாற் செல்லும் பாதை இருண்டு கிடக்கும்.

அவ்விருளிலே ஒளி தருவன துறவிமடங்களின் ஏடுகள். அக்காலப் பிரபுக்கள் தம் ஆன்ம ஈடேற்றம் கருதி மடங்களுக்கு நிலம், காடு, ஆலை முதலியவற்றைத் தானமாக வழங்கினர். பிற்காலத்தில் உறவினர் எவரும் வந்து வழக்காடாதிருக்கும் பொருட்டு, மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோரின் சம்மதத்தையும் அத்தான உறுதியிலே எழுதி வைத்தனர். சாட்சிகளின் பெயர்களும் அதிலே இடம்பெற்றன. மடத்துத் துறவிகள் இவ்வுறுதிகளையெல்லாம் தோம்பு போன்றதொரு பேரேட்டிலே பிரதி செய்து காத்தனர். நிலத்தைக் காக்க எழுதிய எழுத்து, இன்று குலத்தை அறியும் கருவியாயிற்று. இன்னாரின் ஆன்மாவுக்காக இன்ன நாளில் மன்றாடுக என்று குறிக்கும் நினைவு நாளேடுகளும், உறுதியின் அடியிலே தொங்கும் மெழுகு முத்திரைகளும், கேடயத்திற் பொறித்த குலச் சின்னங்களும், அக்கால வரலாற்றாசிரியர் நூல்களும் துணைச் சான்றுகளாம்.

கூர்த்தனே என்பது பரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கே உள்ளதோர் ஊர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், றொபேட் மன்னர் ஆட்சிக் காலத்தில், ஆதோன் என்பவர் அங்கே அரண் அமைத்தார் என்று பழைய நூலொன்று கூறுகின்றது. அந்த ஆதோனின் மகன் ஜோசலின். ஜோசலினின் மக்கள் மீலோன், இரண்டாவது ஜோசலின் முதலியோர். ஆதோனுக்கு முந்திய தலைமுறைகளைப் பிற்காலத்துப் புலவர் சிலர் கற்பனையால் நிரப்பினர். உறுதியான சான்று ஆதோனோடு நின்றுவிடுகின்றது.

இளைய மக்களுக்குத் தந்தையின் நிலத்திற் பங்கு குறைவாதலால் அவர்கள் வாளை நம்பி வெளிநாடு செல்வது அக்கால வழக்கு. இரண்டாவது ஜோசலின் சிலுவைப் போரில் ஈடுபட்டுக் கீழ்த்திசை சென்றார். அங்கே எடெஸ்ஸா நாட்டை ஆண்ட பால்ட்வின் அவருக்கு வளம் மிக்க நிலங்களை வழங்கினார். பெருஞ் செல்வமின்றி வந்தவருக்கு இத்துணை நிலம் எதற்காக வழங்கப்பட்டது? தீர் நகரத்து வில்லியம் என்னும் வரலாற்றாசிரியர் அதற்கு விடை தருகின்றார்: இருவருடைய தாயரும் உடன்பிறந்தவர்கள். கொடிவழியைத் தந்தை வழியாக மட்டும் தேடுவோர் இத்தகைய உறவுகளைக் காணத் தவறுவர். 1118-இல் பால்ட்வின் யெருசலேம் அரசராக உயர்ந்தபின் எடெஸ்ஸா ஜோசலினுக்குக் கிடைத்தது. அவர் மகன் காலத்தில், 1144-இல், எடெஸ்ஸா நகரைத் துருக்கியத் தளபதி செங்கி கைப்பற்றினார். அம்மகன் சிறைப்பட்டு 1159-இல் அலெப்போவிலே இறந்தார். எனினும், அவர் மகள் ஆக்னெஸ் பெற்ற புதல்வனே, தொழுநோயோடு யெருசலேமை ஆண்ட நான்காம் பால்ட்வின் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பிரான்சிலே தங்கிவிட்ட மீலோனின் கிளைக்கோ வேறொரு வகையான உயர்வு காத்திருந்தது. மீலோனின் மகன் ரெனோ. ரெனோவின் மகள் எலிசபெத் கூர்த்தனே நிலங்களுக்கு உரிமை பெற்றாள். ஏறத்தாழ 1150-ஆம் ஆண்டளவில் அவளை மணந்தவர் பியேர் என்னும் இளவரசர். அவர் பிரான்சு மன்னர் ஆறாம் லூயியின் இளைய புதல்வர்களுள் ஒருவர். ஏழாம் லூயி மன்னரின் தம்பியார். மணம் முடித்த இளவரசர் மனைவியின் நிலத்தோடு அவள் குலப்பெயரையும் ஏற்றுக்கொண்டார். அவர் வழித்தோன்றல்கள் பொன்னிறக் கேடயத்திலே மூன்று செந்நிற வட்டங்கள் என்னும் கூர்த்தனே சின்னத்தையே தாங்கினர். அரசகுலச் சின்னமாக விளங்கிய லில்லி மலரை அவர்கள் தாங்கவில்லை. அன்று இதனை எவரும் குறையாகக் கருதியிருக்க மாட்டார். ஆயின், நானூற்றைம்பது ஆண்டுகளின் பின் இச்சிறு செயலே பெரியதொரு வழக்கின் மையப் பொருளாயிற்று.

பியேரின் மகனும் பியேர் என்ற பெயருடையவரே. அவர் மனைவி யோலாந்து, கொன்ஸ்தாந்திநோபிளை ஆண்ட இலத்தீன் சக்கரவர்த்திகளின் சகோதரி. அம்மணத்தின் வாயிலாகச் சக்கரவர்த்திப் பதவி அவரை நாடி வந்தது. 1217-ஆம் ஆண்டு உரோமாபுரியிலே பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியஸ் அவருக்கு முடி சூட்டினார். ஆயினும் தம் தலைநகரை அவர் கண்டாரல்லர். செல்லும் வழியிலேயே எப்பிரஸ் நாட்டு அதிபரிடம் சிறைப்பட்டு, அங்கேயே மாண்டார். அவர் மக்கள் இருவர் ஒருவர்பின் ஒருவராகச் சக்கரவர்த்திகளாயினர். இளையவரான இரண்டாம் பால்ட்வினின் வறுமை உலகறிந்தது. முள்முடி எனப் போற்றப்பட்ட திருப்பொருள் வெனிஸ் நகர வணிகரிடம் ஈடாகிக் கிடந்தது. பிரான்சு மன்னர் ஒன்பதாம் லூயி அதனை மீட்டுப் பரிஸ் நகருக்குக் கொணர்ந்து, அதற்கென ஒரு திருக்கோயிலும் எழுப்பினார். பால்ட்வின் தம் ஒரே மகனையும் கடனுக்குப் பிணையாக அவ்வணிகரிடம் விட்டுவைத்தார். 1261-இல் கிரேக்கர் தலைநகரை மீட்டனர், சக்கரவர்த்தி தப்பியோடினார். அவருடைய பேர்த்தி கத்தரீன், வலுவா நாட்டுச் சார்ள்ஸ் என்னும் பிரான்சு இளவரசரை 1301-இல் மணந்தாள். அவளுடன் சக்கரவர்த்திக் கிளை முடிவுற்றது.

குலம் அத்துடன் அற்றுவிடவில்லை. சக்கரவர்த்தியின் தம்பி றொபேட்டின் மரபினர் பிரான்சிலே பல கிளைகளாகத் தழைத்தனர். தலைமுறைதோறும் நிலம் பங்குபட்டது, பெருமையும் தேய்ந்தது. மன்னர் அவையை விட்டு விலகி, அவர்கள் சாதாரண நாட்டுப்புறப் பிரபுக்களாக வாழலாயினர். தம்மை ஆள்பவரும் தாமும் ஒரே முன்னோரின் ஆண்வழி வந்தவர்கள் என்பதை நாடு மறந்தது. அவர்களுள்ளும் பலர் அதனை நினையாதிருந்தனர்.

அந்நினைவை மீண்டும் எழுப்பியது அரசியற் சூழ்நிலை. பிரான்சு தேசத்திலே பெண்களுக்கும் பெண்வழி வந்தோர்க்கும் முடியுரிமை இல்லை. 1576-இல் மூன்றாம் ஹென்றி மன்னர், அரச இரத்தத்து இளவரசர்கள் ஏனைய பிரபுக்கள் அனைவருக்கும் முன்னுரிமை உடையர் எனக் கட்டளையிட்டார். 1589-இல் அவர் மகப்பேறின்றி இறக்கவே, மிகத் தூரத்து உறவினரான நான்காம் ஹென்றி முடியுரிமை பெற்றார். மூன்று நூற்றாண்டுகளின் முன் வாழ்ந்த ஒன்பதாம் லூயியின் இளைய மகன் வழிவந்தவர் அவர். அவருக்கு அவ்வுரிமை உண்டெனின், ஆறாம் லூயியின் வழி வந்த தமக்கும் இளவரசர் என்னும் தகுதி உண்டல்லவோ எனக் கூர்த்தனே குலத்தார் கேட்டனர். நான்காம் ஹென்றிக்கும், அவர் மகனுக்கும், பேரனுக்கும் அவர்கள் விண்ணப்பித்தனர். இது வெறும் பட்டத்துக்கான வேட்கையன்று. பூர்போன் அரசகுலம் ஆண்வழி அற்றுப்போகுமாயின் பிரான்சு தேசத்தின் மணிமுடி யாருக்கு என்ற வினா அவ்விண்ணப்பத்திலே அடங்கியிருந்தது.

இவ்வாறு கொடிவழி ஆராய்ச்சி வழக்காடும் கருவியாயிற்று. 1661-இல் ஜான் து பூஷே என்னும் அறிஞர் கூர்த்தனே அரசகுல வரலாற்றை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய உறுதிகளையும் ஏடுகளையும் சான்றாக அச்சிட்டார். அன்னாரின் முயற்சியால் மகனுக்குத் தந்தை இன்னார் என்பது ஆறாம் லூயி மன்னர்வரை நிறுவப்பட்டது.

ஆயினும் மன்னர் இசையவில்லை. கூர்த்தனே மரபினர் ஆறாம் லூயியின் வழியினர் அல்லர் என எவரும் நிறுவினாரில்லை. அரச இரத்தத்து இளவரசர் என்னும் பெயர் ஒன்பதாம் லூயியின் வழியினர்க்கே உரியது என எல்லை வகுத்து அவர்களை விலக்கினர். சின்னத்தையும் பெயரையும் துறந்தவர் உரிமையையும் துறந்தவரே என்ற வாதமும் எழுந்தது. அவையிலே அவர்களுக்கு இரங்கியவர் இல்லாமலில்லை. 1691-இல் மோன்ஸ் முற்றுகையிலே கூர்த்தனே குலத்து மைந்தனொருவன் மன்னருக்காகப் போரிட்டு மாண்டான். பதினான்காம் லூயி மன்னர் தாமே சென்று அவன் தந்தைக்கு ஆறுதல் கூறினார். ஆறுதல் கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை. 1730-இலும் 1733-இலும் அம்மரபின் கடைசி ஆடவர் இருவரும் மறைந்தனர். எஞ்சியிருந்த பெண்மகள் எலேன், பொப்ரெமோன் குலத்தில் மணம் செய்திருந்தாள். பிரான்சு அரச இரத்தத்து இளவரசி என ஓர் ஆவணத்திலே அவளுக்கு இட்டிருந்த பட்டத்தை நீக்குமாறு 1737-இல் பரிஸ் நகர உயர்நீதி மன்றம் ஆணையிட்டது.

இக்குலத்தின் மற்றொரு கிளை இங்கிலாந்திலே வேரூன்றியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் ரெஜினோல்ட் கூர்த்தனே என்பவர் அங்கே குடியேறினார். எலிசபெத்தின் தந்தையான ரெனோ இவரே என்பர் சிலர். அவருடைய மகன் என்பர் சிலர். ஒரே பெயர் தலைமுறைகளிலே திரும்பத் திரும்ப வரும்போது இத்தகைய ஐயம் எழுதல் இயல்பு. 1335-இல் இக்கிளையினர் டெவன் நாட்டுப் பிரபுக்களாயினர். அவர்களிடம் தானம் பெற்ற போர்ட் மடத்துத் துறவிகள் நன்றி மிகுதியினாலே, இவர்களும் ஆறாம் லூயி மன்னரின் வழியினரே எனப் புளோரஸ் என்ற இளவரசரை இடையிற் புகுத்திக் கதை கட்டினர். இளவரசரை மணந்தவள் எலிசபெத். அவள் மக்கள் பிரான்சிலே இருந்தனர். இங்கிலாந்துக் கிளை அவ்வரச இரத்தம் கலக்குமுன் பிரிந்தது. உறவினருக்கு உண்மையாய் உரிய பெருமையை இவர்களுக்கும் ஏற்றிக் கூறியது அக்கதை.

இங்கிலாந்துக் கிளைக்குக் கொடிவழி பிறிதொரு வகையில் உதவியது. 1553-இல் எட்வர்ட் கூர்த்தனேக்கு வழங்கிய பட்டயத்திலே, டெவன் பிரபுப் பட்டம் அவருடைய ஆண் உரிமையாளர்க்குச் செல்லும் என்றிருந்தது. அவர் உடலிற் பிறந்த ஆண்மக்கள் என்னும் வழக்கமான தொடர் அதில் இல்லை. அவர் மகப்பேறின்றி 1556-இல் இறந்தார். பட்டம் அழிந்ததென்றே எல்லோரும் எண்ணினர். ஆனால், 1377-இல் இறந்த முன்னோர் ஒருவரின் இளைய மகன் வழியில் உறவினர் இருந்தனர். அவர்கள் கொடிவழியை எடுத்துக்காட்ட, 1831-இல் ஆங்கிலப் பிரபுக்கள் சபை பட்டத்தை அவர்களுக்கே உரித்தாக்கியது. அம்மரபினர் இன்றும் பவுடர்ஹாம் கோட்டையிலே வாழ்கின்றனர். அவர்களுடைய குல வாசகம், எங்கே வீழ்ந்தேன், யாது செய்தேன் என்று இலத்தீன் மொழியிலே வினவுகின்றது. 1788-இல் முற்றுப்பெற்ற தம் பெருநூலிலே எட்வர்ட் கிபன் இக்குலத்தின் மூன்று கிளைகளையும் தனியே விரித்துரைத்துள்ளார்.

கொடிவழி ஆராய்ச்சிக்குப் பகை இரண்டு. ஒன்று அழிவு. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரபுக்களின் குலமுறை ஏடுகள் பல தீயிலிடப்பட்டன. மற்றையது பொய். 1840-ஆம் ஆண்டளவில் வெர்சேல்ஸ் மாளிகையிலே சிலுவைப் போர் வீரர் மண்டபம் அமைந்தது. தம் முன்னோர் சின்னம் அங்கே இடம்பெற வேண்டுமெனப் பல குடும்பத்தார் விழைந்தனர். அவ்வேட்கையை அறிந்த சிலர், சிலுவைப் போர் வீரர் கடன் வாங்கியதாகப் பழைய தோலிலே போலி உறுதிகளை எழுதி விற்றனர். நூறாண்டுக்கு மேல் அவை பலராலும் மெய்யென நம்பப்பட்டன. 1956-இல் ரொபேர்-ஹென்றி போத்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் அவை போலி எனத் தெளிவுபடுத்தினார்.

இவற்றால் அறியத்தக்கது ஒன்றுண்டு. பழைய குலமொன்றின் வரலாற்றைப் படிக்கும்போது, ஒவ்வொரு கணுவிலும் இம்மகனுக்கு இத்தந்தை என்பதற்குச் சான்று யாது, அதை எழுதியவர் யார், எக்காலத்தில் எழுதினார், எழுதியதால் அவருக்கு ஊதியம் உண்டா எனக் கேட்டல் வேண்டும். போர்ட் மடத்தார் கதை இக்கேள்விக்கு முன் நிற்கவில்லை. து பூஷே காட்டிய சான்றுகள் மன்னரின் மறுப்பையும் தாண்டி நின்றன. உரிமையைத் தருவதும் மறுப்பதும் அரசனின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஒருவனுடைய பாட்டன் யார் என்பதை மாற்ற எந்த அரசனாலும் இயலாது.