அட்டனலாலும் மெட்டோப்ரோலாலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உடையோர்க்கு வீட்டு வாயிலிலேயே மாத்திரை கிடைக்கலாயிற்று. அதே வட்டாரத்தில் ஓசூரைக் கடந்தால் அத்திப்பள்ளி; அப்பால் பெங்களூரு. நெஞ்சு வலியென்றால் பெங்களூருப் பெரிய மருத்துவமனையை நாடுவது எல்லையோர மக்களுக்கு இயல்பு. ஆதலின் ஒரே நோயாளியிடம் இங்கு பெற்ற அட்டனலாலும் அங்கு பெற்ற மெட்டோப்ரோலாலும் சேர்ந்துவிடக் கூடும். பெயர் வேறாயினும் இவை ஒரே குலத்து மருந்துகள் என்பதை அன்பர்கள் அறிதல் வேண்டும்.

அச்சமோ கடும் உழைப்போ நேருங்கால் உடலில் அட்ரீனலின் என்னும் நீர் சுரந்து இதயத்தை விரைவுபடுத்துகிறது. பூட்டின் துளையை அடைத்துவிட்டால் சாவி நுழையாததுபோல, இம்மருந்துகள் அட்ரீனலின் பற்றும் இடத்தை மறித்துக்கொள்கின்றன. துடிப்பு தணிகிறது, அழுத்தமும் குறைகிறது. இவ்வழியை 1960களில் ப்ரொப்ரனலால் என்னும் மருந்தின் வாயிலாகக் காட்டிய ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞர் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி இரண்டிற்கும் உள்ள வேற்றுமை. அட்டனலால் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது; சிறுநீரகம் நலிந்தவர்க்கு உடலிலேயே தங்கி மிகுந்துவிடும். பொதுவாக நாளொன்றுக்கு ஒருமுறை போதும். மெட்டோப்ரோலாலைக் கல்லீரல் சிதைக்கிறது. இதில் டார்ட்ரேட், சக்சினேட் என இரு வகை உண்டு. முன்னதைப் பெரும்பாலும் இருவேளை உண்ண வேண்டும். ஆலையில் முறைமாற்றி வேலை செய்வோர் இரண்டாம் வேளையை மறப்பது எளிது. பின்னது மெல்லக் கரைவது; ஒருவேளை போதும், ஆனால் மென்றோ பொடித்தோ உண்ணலாகாது. தளர்ந்த இதயத்திற்கு இந்தச் சக்சினேட் வகையே சிறந்தது. 1999இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இதை உண்ட இதயத் தளர்ச்சி நோயாளிகளிடையே மரணம் 34 விழுக்காடு குறைந்தது. அட்டனலாலுக்கு அத்தகைய சான்று இல்லை. கொதிப்பு மட்டும் உடையவர்க்கு அட்டனலால் முதல் மருந்தாக இன்று பொதுவில் கருதப்படுவதுமில்லை. லோசார்ட்டான் என்ற மருந்து அதனினும் மிகுதியாகப் பக்கவாதத்தைத் தடுப்பதாக 2002இல் ஓர் ஆய்வு காட்டிற்று. விலை மலிவென்பது வேறு செய்தி.

இரண்டையும் சேர்த்து உண்டால் நாடி மிகவும் தாழ்ந்து, தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். ஆஸ்துமா உடையோர் அதை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்போர்க்குச் சர்க்கரை தாழும்போது எழும் படபடப்பை இம்மாத்திரைகள் மறைத்துவிடும், வியர்வையே எச்சரிக்கை.

இதனினும் கொடியது திடீரென நிறுத்துதல். அறுவடைக்கோ திருவிழாவிற்கோ வெளியூர் சென்று, மாத்திரை தீர்ந்தபின் வாளாவிருப்போர் பலர். அடக்கி வைத்த துடிப்பு அப்போது பொங்கி எழும். இதய நோயுடையார்க்கு மாரடைப்பே நேரலாம். எனவே இரு மாத்திரையும் கையிலிருப்பது தெரிந்தால், இரண்டையும் தாமாகவே விட்டுவிடாது, அன்றே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டி எதைத் தொடர்வதெனக் கேட்டறிக. மயக்கமுற்றால் 108ஐ அழைக்கவும்.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் வழங்கும் இவ்வூர்களில் ஆங்கில எழுத்து பலர்க்குத் தடையே. வணிகப் பெயர் எதுவாயினும் மருந்தின் மூலப்பெயரும் அட்டையில் அச்சாகியிருக்கும். பள்ளிப் பிள்ளையைக் கொண்டு அதைப் படிக்கச் செய்க. 'லால்' என முடியும் பெயர் இரண்டு அட்டைகளில் காணப்பட்டால், ஊராட்சி உறுப்பினர்கள் அந்நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம்.